நரை தரித்த இளைஞர்கள்: சென்னை ஆண் உடையின் வரலாற்றுக்குச் சில குறிப்புகள்

1

எதை எழுதினாலும் கரிகாலனிலிருந்து தொடங்குவது தமிழ் எம்.ஏ. படித்தவனின் வியாதி என்று நண்பர்கள் கேலி செய்யக்கூடும். ஆனாலும் இந்த விஷயத்துக்கு வேறு தொடக்கம் இல்லை. ஒரு வழக்கைத் தீர்த்துக்கொள்ள முதியவர்கள் இருவர் சோழன் அவைக்கு வருகிறார்கள். அரியணையில் இருப்பவனோ இளைஞன். இந்தப் பிள்ளைக்கு நம் வழக்கின் நுட்பம் எங்கே விளங்கப்போகிறது என்று தயங்குகிறார்கள். அதை உணர்ந்த அரசன் நரைமயிர் தரித்துக் கிழவன் கோலத்தில் வந்து உட்கார்ந்து, இருதரப்பையும் கேட்டு, அவர்கள் மனம் ஒப்பும்படி தீர்ப்புச் சொல்கிறான். மணிமேகலையில் இக்கதைக்கு ஒரு குறிப்பு உண்டு. முன்றுறை அரையனாரின் பழமொழி நானூறு இதை ஒரே வெண்பாவுக்குள் அடக்கிச் சொல்லிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் இது நீதி வழுவாத மன்னனுக்கு எடுத்துக்காட்டு.

எனக்கு உறுத்துவது அந்த வெண்பா போய் முடிகிற இடம். குலத்துக்கு உரிய வித்தை கற்காமலே வந்து படிந்துவிடும் என்ற பழமொழிக்குச் சான்றாகத்தான் கரிகாலன் அங்கே கொண்டுவரப்படுகிறான். அதாவது, அவன் தீர்ப்புச் சொல்ல வல்லவனானது நரையாலும் அல்ல, படிப்பாலும் அல்ல, பிறப்பால். நரை, வந்தவர்களின் கண்ணுக்குச் சொன்ன சமாதானம், அவ்வளவுதான். அதிகாரம் அதற்கு முன்பே அவன் மடியில் இருக்கிறது. நரை கட்டாமலே அவன் தீர்ப்புச் சொல்லியிருந்தாலும் செல்லுபடியாகியிருக்கும். அதே கோலத்தை அரண்மனைக் குதிரை லாயத்தில் வேலை செய்த ஒரு பையன் போட்டிருந்தால் அதற்குப் பெயர் மாறுவேடம் அல்ல, மோசடி.

இளைஞன் பெரியவனாகத் தெரிய வேண்டிய நெருக்கடி தமிழுக்குப் புதிதில்லை. புறநானூற்று 77-ஆம் பாட்டில் இடைக்குன்றூர் கிழார் காட்டும் நெடுஞ்செழியன் அப்போதுதான் சதங்கையைக் கழற்றிவிட்டுக் கழல் அணிந்திருக்கிறான். சிறுபிள்ளைகள் கழுத்தில் போடும் தாலி இன்னும் கழற்றப்படவில்லை. அவனே பாடியதாக உள்ள 72-ஆம் பாட்டில், தன்னை இளையவன் என்று எள்ளியவர்கள்மீது வஞ்சினம் கூறுகிறான். காலில் உள்ளதை மாற்றுவது, கழுத்தில் உள்ளதை விட்டுவைப்பது - ஒரு உடம்பின் வயது அதன்மேல் கிடக்கும் பொருள்களால்தான் அங்கேயும் வாசிக்கப்படுகிறது.

ஒரு இளைஞன் எப்படி உடுத்தினால் பெரிய மனுஷனாகத் தெரிவான் என்ற கேள்விக்கு வாரப் பத்திரிகைகளின் துணுக்குப் பக்கங்களில் பதில் எப்போதும் தயாராக இருக்கிறது: முழுக்கைச் சட்டை, அடங்கிய நிறம், உடம்புக்குச் சரியான அளவு, தேய்த்த மடிப்பு, பளிச்சென்ற ஷூ. இந்தப் பதில்களில் தப்பு ஒன்றும் இல்லை. அவை கேட்காமல் விடும் கேள்விகள்தான் என் அக்கறை. யார் கண்ணுக்குப் பெரிய மனுஷனாக? எந்த இளைஞன்? பெரிய மனுஷன் ஆவதற்கு அனுமதி வழங்குகிறவர் யார்? இவற்றைச் சென்னையின் மூன்று பேட்டைகளில் - மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர் - வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

2

கரிகாலனின் நரை அப்படியே உறைந்துபோன ஓர் இடம் உண்டென்றால் அது ஆங்கிலேய நீதிமன்றம். இருபத்துநாலு வயதில் தொழிலுக்கு வருகிற வக்கீலின் தலையிலும் குதிரைமயிரால் செய்த வெளிறிய பொய்முடி ஏறிவிடும். பதினேழாம் நூற்றாண்டின் நாகரிகம் ஒன்று, நாகரிகம் போன பிறகும் தொழிலின் அடையாளமாகத் தங்கிவிட்டது. 2008-இல்தான் அங்கே சிவில் வழக்குகளில் நீதிபதிகள் அதைக் கைவிட்டார்கள். குற்றவியல் நீதிமன்றங்களில் இன்னும் இருக்கிறது. தனிமனிதனின் வயதை அழித்து நிறுவனத்தின் வயதை அவன் தலையில் கவிழ்ப்பதுதான் அதன் வேலை.

சென்னையில் உயர் நீதிமன்றம் 1862-இல் வந்தது. அதைச் சார்ந்து மயிலாப்பூரில் ஒரு வக்கீல் வர்க்கம் உருவானது. இவர்களுக்குப் பொய்முடி இல்லை; தலைப்பாகை இருந்தது. பாஷ்யம் அய்யங்கார் (1844-1908), வி. கிருஷ்ணசாமி அய்யர் (1863-1911), சி.பி. ராமசாமி அய்யர் (1879-1966) - இவர்களின் பழைய படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். தலைமுறைகள் வேறு. ஆனால் தலைப்பாகையும் கோட்டும் சேர்ந்து எல்லோரையும் ஒரே வயதுக்காரர்களாக்கிவிடுகின்றன. மயிலாப்பூர் சம்ஸ்கிருதக் கல்லூரியை 1906-இலும் இந்தியன் வங்கியை 1907-இலும் தோற்றுவிப்பதில் முன்நின்ற கிருஷ்ணசாமி அய்யர் ஐம்பது வயதைத் தொடாமலே இறந்தவர் என்பது அவர் படத்தைப் பார்த்தால் நமக்கு நினைவுக்கே வராது.

அந்த உடையை இடுப்பில் ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரித்து வாசிக்கலாம். மேலே கோட்டு: அது வெள்ளைக்கார நீதிபதிக்குச் சொல்லும் பதில். கீழே பஞ்சகச்சம்: அது அக்ரகாரத்துக்குச் சொல்லும் பதில். பஞ்சகச்சம் பிரம்மச்சாரிக்கு உரியதல்ல, கல்யாணம் ஆனவனுக்கு உரியது. மார்பில் பூணூலின் எண்ணிக்கையும் கல்யாணத்தோடு கூடும். ஆக, ஒருவன் ‘பெரியவன்’ ஆகிவிட்டான் என்பதை அறிவிக்கும் குறிகள் சாதி ஆசாரத்தில் முன்பே நிர்ணயிக்கப்பட்டிருந்தன. காலனியம் செய்தது, அவற்றின் மேல் ஒரு கோட்டை மாட்டியதுதான். வீடு, வெளி என்று காலனிய காலத்து மத்தியதர வர்க்கம் உலகத்தைப் பிரித்துக்கொண்டதாகப் பார்த்தா சட்டர்ஜி வங்காளத்தை வைத்துச் சொன்னார். மயிலாப்பூர் வக்கீல் அந்தப் பிரிவினையை உடம்பிலேயே போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார்.

இந்தச் சமரசம் எல்லோருக்கும் சுமுகமாக அமையவில்லை. சென்னைத் துறைமுகத்தில் 1912 முதல் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன், 1914 மார்ச் 17-ஆம் தேதி கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறுவதற்கு முன் குடுமியை எடுக்க வேண்டியிருந்தது. காலர், கோட்டு, ஷூ எல்லாம் புதிது. அப்போது வயது 26. அவருடைய கணக்கு அதற்கு முன்பே ஹார்டியிடம் போய்ச் சேர்ந்து ஏற்கப்பட்டுவிட்டது. காகிதத்தில் போனபோது அறிவுக்கு உடை தேவைப்படவில்லை; உடம்போடு போனபோது தேவைப்பட்டது.

பாரதியின் தலைப்பாகையை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1904-இல் சுதேசமித்திரனில் சேர்ந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயதுகூட நிறையவில்லை. காசியில் பழகிய முண்டாசும், பிராமணனுக்கு ஆகாத மீசையும், கோட்டும் அவருடையவை. மயிலாப்பூர்த் தலைப்பாகை ஆசாரத்தையும் ஆட்சியையும் சமாதானப்படுத்தியது. பாரதியின் மீசை முதலாவதைச் சீண்டியது, எழுத்து இரண்டாவதைச் சீண்டியது. ஆனாலும் பின்னால் வந்த நாம் என்ன செய்தோம்? 38 வயதில் செத்துப்போன ஒரு இளைஞனை அதே முண்டாசை வைத்து வயதில்லாத மகாகவியாக்கிச் சுவரில் மாட்டிவிட்டோம். நரையைத் தானே கட்டிக்கொள்ளாதவனுக்கு நாம் கட்டிவிடுகிறோம்.

3

கட்டிவிடுதலின் உச்சம் அடையாறில் நடந்தது. பிரம்மஞான சபை தன் தலைமையகத்தை 1882-இல் அடையாற்றங்கரைக்குக் கொண்டுவந்தது. அங்கே வேலைக்கு வந்த ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர் நாராயணய்யாவின் மகன் கிருஷ்ணமூர்த்தியை 1909-இல் கடற்கரையில் பார்த்து, உலக குருவாக வரப்போகிறவன் இவனே என்று லெட்பீட்டர் அறிவித்தார். பையனுக்கு 14 வயது. முன்தலை மழித்த குடுமி, நோஞ்சான் உடம்பு, பள்ளிக்கூடத்தில் மக்கு என்று வாங்கிய அடி.

பிறகு நடந்தது ஓர் உடம்பைத் திருத்தி எழுதும் வேலை. குடுமி போய், தலைமயிர் தோள்வரை வளர்க்கப்பட்டு நடுவகிடு எடுக்கப்பட்டது. 1911-இல் இங்கிலாந்துக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே ஐரோப்பிய உடை. அதே ஆண்டில் அவரைத் தலைவராக்கி ஒரு சங்கமும் நிறுவப்பட்டது. கரிகாலன் தானாகப் போய் நரை தரித்தான். இந்தப் பையனுக்கு யுகங்களின் முதுமையை மற்றவர்கள் கூடி உடுத்திவிட்டார்கள்.

இங்கேதான் மயிலாப்பூரும் அடையாறும் மோதிக்கொண்டன. பிள்ளையைத் திருப்பித் தரும்படி தகப்பனார் 1912-இல் அன்னி பெசன்ட்மேல் வழக்குப் போட்டார். தகப்பனாருக்காக வாதாடியவர் அப்போது முப்பதுகளில் இருந்த சி.பி. ராமசாமி அய்யர். பெசன்ட் தனக்குத் தானே வாதாடினார். சென்னையில் தகப்பனார் ஜெயித்தார். 1914-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதைத் தள்ளிவிட்டது. வழக்கின் சட்ட நுணுக்கம் எதுவாகவும் இருக்கட்டும். அடிப்படையில் அது, ஒரு பையன் எப்போது பெரியவனாகிறான், அதைத் தீர்மானிக்கிற உரிமை தகப்பனுக்கா குருவுக்கா சட்டத்துக்கா என்ற சண்டை. பையனிடம் கேட்க வேண்டும் என்பது பிரிவி கவுன்சிலில்தான் ஒரு கேள்வியாகவே வந்தது. 1929 ஆகஸ்டில் ஹாலந்தின் ஓமன் நகரில், தன் பேரில் நடந்த அந்தச் சங்கத்தை 34 வயதில் கிருஷ்ணமூர்த்தியே கலைத்தார். தனக்கு உடுத்தப்பட்ட முதுமையைக் கழற்றிப் போட்ட அரிய சம்பவம் அது. ஆனால் அதைக் கேட்க அங்கே ஆயிரக்கணக்கான பேர் கூடியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குருவாக வேண்டாம் என்று சொல்வதற்கும் குருவின் மேடை தேவைப்பட்டது.

4

இதுவரை பார்த்தது நரையைச் சலுகையாகப் பெற்றவர்களின் கதை. இதே ஊரில் அது தண்டனையாகவும் வழங்கப்பட்டது. மயிலாப்பூரில் 1886-இல் பிறந்த சுப்பலட்சுமி குழந்தை விதவை. தமிழகப் பிராமணக் குடும்பங்களில் அக்காலத்தில் புருஷனை இழந்த பெண்ணுக்கு, அவள் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமியானாலும், பூவும் நிறமும் போய்விடும். பல வீடுகளில் தலைமயிரும் போய்விடும். ஒரே நாளில் கிழவியின் கோலம். சகோதரி சுப்பலட்சுமி என்று பின்னால் அறியப்பட்ட இவர் 1911-இல் பி.ஏ. முடித்து, அடுத்த ஆண்டிலேயே இளம் விதவைகளைப் படிக்கவைக்கும் வேலையில் இறங்கினார். கடற்கரையின் ஐஸ் ஹவுஸ் பல ஆண்டுகள் அந்தப் பிள்ளைகளின் விடுதியாக இருந்தது. முதியவனின் கோலம் ஆணுக்கு அவையில் பேச்சுரிமை தந்தது. பெண்ணை அடுக்களை இருட்டுக்குள் தள்ளியது. உடையால் கூடும் வயதின் மதிப்பு, உடுத்துகிற உடம்பு யாருடையது என்பதைப் பொறுத்தது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டாம்.

இனி இன்னொரு உடம்பு. எத்தனை வயதானாலும் பெரியவன் ஆகவே விடப்படாத ஆண். நம் கிராமங்களில் எழுபது வயதுத் தலித் கிழவரை ஊர்த்தெருவின் பத்து வயதுப் பொடியன் ‘டேய்’ போட்டுக் கூப்பிட்டதை நினைவு வைத்திருப்பவர்கள் இதை வாசிப்பவர்களிலேயே இருப்பார்கள். நகரத்தில் அதற்குக் கொஞ்சம் மெருகேற்றிப் ‘பையன்’ என்று பெயர் வைத்தார்கள். ஆபீஸ் பையன், ஓட்டல் பையன் - அந்தப் பையனுக்கு நாற்பத்தைந்து வயது, வீட்டில் கல்யாண வயதில் பெண். வயது இயற்கை, எல்லோருக்கும் சமமாக ஏறும் என்று நாம் நம்பிக்கொண்டிருப்பதை இந்த ஒரு சொல் உடைத்துவிடுகிறது.

சொல்லால் மட்டும் அல்ல, துணியாலும் இந்த ஏற்பாடு காவல் காக்கப்பட்டது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஹட்டன் தன் நூலில் பதிந்திருக்கும் அந்தப் பட்டியலை உடையின் இலக்கணமாகவே வாசிக்கலாம். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி அணியக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப் வெட்டக் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. பொன், வெள்ளி நகை யாருக்கும் கூடாது. மீறியவர்கள்மேல் வன்முறை பாய்ந்தது. அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்றாயின. இன்றைய துணுக்குப் பக்கங்கள் பெரிய மனுஷத் தோற்றத்துக்குப் பரிந்துரைப்பவற்றை - முழுச் சட்டை, வெட்டிய தலை, காலணி - இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மற்றொன்றின் தலைகீழ். எவை ஒருவனைப் பெரியவனாகக் காட்டும் என்பது தடை போட்டவர்களுக்கு மிக நன்றாகத் தெரிந்திருந்தது.

அதே 1930 டிசம்பரில் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு நடந்துகொண்டிருந்தது. ஒடுக்கப்பட்டோர் பிரதிநிதிகளாக அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் அங்கே கோட்டு அணிந்து உட்கார்ந்திருந்தார்கள். சென்னையில் 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கிய சீனிவாசன், லண்டனிலும் தன் பெயரோடு அந்தச் சொல்லைச் சேர்த்துக் கோட்டில் அணிந்திருந்ததாகத் தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் பதிவு செய்கிறார். கோட்டு கௌரவத்தைக் கொடுத்தது. ஆனால் அந்தக் கௌரவத்துக்காகச் சாதியை மறைக்க அவர் தயாராக இல்லை. மயிலாப்பூர்க் கோட்டு ஒன்றோடொன்று ஒத்துப்போன இரண்டு அதிகாரங்களை ஒட்டவைத்தது. சீனிவாசனின் கோட்டு ஒன்றோடொன்று ஒவ்வாத இரண்டு அடையாளங்களை ஒரே மார்பில் நிறுத்தி, பார்ப்பவனைச் சங்கடப்படுத்தியது. அடையாறு பக்கம் கிரீன்வேஸ் சாலையில் அம்பேத்கருக்கு மணிமண்டபம் இருக்கிறது. ஊருக்கு ஊர் நிற்கும் நீலக் கோட்டுச் சிலைகளைக் கூண்டுக்குள் வைத்துப் பூட்ட வேண்டியிருக்கிற நாட்டில், அந்தக் கோட்டு வெறும் துணி அல்ல என்பதை விளக்க வேண்டியதில்லை.

துண்டுக்கும் இதே வரலாறு. பெரிய சாதியார் எதிரே தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும், அல்லது கக்கத்தில் இடுக்க வேண்டும். சுயமரியாதை இயக்கத்தார் திரும்பத் திரும்பச் சொல்லும் கானாடுகாத்தான் சம்பவத்தில், வியர்வை துடைக்கத் துண்டு போட்டிருந்த நாதசுரக் கலைஞர் சிவக்கொழுந்து அதை எடுக்கும்படி அதட்டப்பட்டபோது, எடுக்காமலே வாசிக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்றவர் பட்டுக்கோட்டை அழகிரி. பிறகு திராவிட இயக்கம் அந்தத் துண்டை நீட்டி, வெள்ளைச் சட்டைக்கு மேல் போட்டு, மேடைக்குக் கொண்டுவந்தது. 1957-இல் தி.மு.க. முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தபோது கருணாநிதிக்கு வயது 32. இந்த இளைஞர் கூட்டம் பேச்சுரிமைக்காக நரை கட்டிக்கொள்ளவில்லை. அண்ணன், தம்பி என்ற உறவுமுறையால் வயதின் ஏணியையே கொஞ்சம் சாய்த்துப் போட்டது. ஆனால் அதே துண்டு நாளடைவில் நீளத்தாலும் கரையாலும் பதவியின் அளவைச் சொல்லும் கருவியானதையும், அதற்கு முன்னால் தொண்டன் மறுபடி கைகட்டி நின்றதையும் பார்த்துவிட்டோம்.

5

தியாகராய நகரை நீதிக்கட்சி ஆட்சி 1920-களில் மாம்பலத்து ஏரிப்பகுதியைத் தூர்த்து உண்டாக்கியது. ஊருக்குப் பெயர் பிட்டி தியாகராயருடையது, பூங்காவுக்குப் பனகல் அரசருடையது. இளைஞர்கள் சட்டை வாங்கப் போகிற பாண்டி பஜாருக்கு சௌந்தரபாண்டியனார் அங்காடி என்று பெயர். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் அவர். சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்கச் சொன்ன மாநாடு அது. அவருடைய பெயர் கொண்ட அந்தத் தெருவிலும் பக்கத்து ரங்கநாதன் தெருவிலும், எவனும் காசு கொடுத்துப் பெரிய மனுஷத் தோற்றத்தை வாங்கிக்கொள்ளலாம் என்ற ஜனநாயகம் வந்தது. ரெடிமேட் துணியை நான் இகழ மாட்டேன். 1930-இன் எட்டுத் தடைகளுக்கு ரங்கநாதன் தெருவின் ரெடிமேட் கடை ஒருவகைப் பதில்தான். கல்லாவில் சாதி கேட்கவில்லை.

கேள்வி, வாங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு போய் நிற்கிற இடத்தில் வருகிறது. கே. பாலசந்தரின் ‘தில்லுமுல்லு’ (1981) இந்தச் சிக்கலின் ஆகச் சிறந்த ஆவணம் என்பேன். வேலை இல்லாத சந்திரன் நேர்முகத் தேர்வுக்குப் போகிறான். முதலாளிக்கு நவநாகரிக இளைஞர்களைக் கண்டால் ஆகாது. மீசை இல்லாத ஆணிடம் நம்பிக்கை கிடையாது. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு பழங்காலத்து உடையில், மீசையோடு, அடக்க ஒடுக்கமாகப் போய் நின்று வேலையை வாங்கிவிடுகிறான். பிறகு மாட்டிக்கொண்டு, மீசையில்லாத இரட்டைத் தம்பியை உருவாக்குகிறான். நாம் சிரித்துக் கடந்துவிடும் ஒரு விவரம் உண்டு: முதலாளியின் ருசி அவனுக்கு எப்படித் தெரிந்தது? வேண்டப்பட்ட ஒரு டாக்டர் சொல்லி அனுப்புகிறார். பியர் பூர்தியு பண்பாட்டு மூலதனம் என்று சொன்னதைச் சென்னைத் தமிழில் சொன்னால் இதுதான் - எந்த வீட்டுக்கு எந்தச் சட்டை என்று காதில் சொல்ல ஒரு டாக்டர் மாமா இருப்பது.

எங்கள் மேன்ஷன் அறையில் அப்படி ஒரு மாமா இல்லை. நாலு பேர், நேர்காணலுக்கென்று ஒரே ஒரு முழுக்கை வெள்ளைச் சட்டை. யாருக்குத் தேதி வருகிறதோ அவன் தேய்த்துப் போட்டுக்கொண்டு போவான். எனக்கு அது தோளில் கொஞ்சம் தொங்கும். தனியார் கல்லூரி ஒன்றில் தற்காலிக விரிவுரையாளர் வேலைக்கு அதைப் போட்டுக்கொண்டு போனேன். “பார்க்கப் பையன் மாதிரி இருக்கீங்களே, கிளாஸ்ல பிள்ளைங்க மதிப்பாங்களா?” என்றார் தேர்வுக்குழுவில் ஒருவர். தொல்காப்பியத்தில் கேள்வி வரும் என்று இருந்தேன். அடுத்த கேள்வி சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு என்று வந்தது. அதற்கடுத்தது அப்பா என்ன செய்கிறார். அவர் அளந்துகொண்டிருந்தது என் வயதை அல்ல. எனக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தவர் என்னைவிட இளையவர், அரைக்கைச் சட்டைதான் போட்டிருந்தார். அவரிடம் அந்த முதல் கேள்வியே கேட்கப்படவில்லை என்று வெளியே வந்து அவரே சொன்னார். வேலை அவருக்கு. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை; நல்லாப் படித்தவர்.

‘பையன் மாதிரி’ என்ற சொற்றொடர் உண்மையில் என்ன பேசுகிறது என்பதற்குத்தான் இதைச் சொன்னேன். சிலரிடம் இளமை துடிப்பாக, வருங்காலமாக வாசிக்கப்படுகிறது. சிலரிடம் அதே இளமை போதாமையாக வாசிக்கப்படுகிறது. பழைய மாம்பலத்தில் இருபத்தைந்து வயதுக்காரர் ‘யங்ஸ்டர்’. ஆற்றோரக் குடிசைப் பகுதியில் இருபத்தைந்து வயதுக்காரன், போலீஸ்காரர் வாயில், ‘டேய்’. இரண்டு பேரும் பாண்டி பஜாரில் ஒரே கடையில் சட்டை எடுத்திருக்கலாம்.

2014 ஜூலையில் சேப்பாக்கம் கிரிக்கெட் சங்க கிளப்புக்கு ஒரு புத்தக வெளியீட்டுக்காகப் போன உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன், வேட்டி கட்டியிருந்தார் என்பதற்காக உள்ளே விடப்படவில்லை. பெரிய கொந்தளிப்பு. அடுத்த மாதமே, பொது இடங்களில் வேட்டிக்குத் தடை விதிப்பதைக் குற்றமாக்கும் சட்டத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. காலனிய மிச்சத்துக்கு விழுந்த அடி என்ற அளவில் வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அந்தச் சட்டம் காப்பாற்றியது தமிழ்ப் பண்பாட்டு உடை என்ற கௌரவத்தை. வெள்ளை வேட்டி அதற்குள் எப்போதோ அமைச்சர்களின், கல்யாண மண்டபங்களின், தொலைக்காட்சி விளம்பரங்களின் உடையாகி, உடுத்தியவனுக்குப் பத்து வயது கூட்டித் தரும் நரையாகிவிட்டிருந்தது. இந்த நகரத்தைக் கட்டுகிறவனும் சுமக்கிறவனும் கட்டும் கைலிக்கு அந்தக் கொந்தளிப்பில் குரல் எழுந்ததாக நான் பார்க்கவில்லை. கைலி கட்டியவனுக்கு எந்தச் சட்டமன்றமும் வயது வழங்குவதில்லை.

6

அப்படியானால் உடையே வேண்டாமா, எல்லாம் மாயையா என்று கேட்டால், அந்தச் சொகுசு நம்மில் எல்லோருக்கும் இல்லை என்பேன். கசங்கிய கதர்ச் சட்டையோடு மேடையேறி எளிமை பேசுவது, ஏற்கெனவே பெரியவனாக ஒப்புக்கொள்ளப்பட்டவனுக்குக் கட்டுப்படியாகும். முதல் தலைமுறையாகப் படித்து நேர்காணலுக்குப் போகிற தம்பி, சட்டையைத் தேய்த்து, தலை வாரி, ஷூ போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். அது நடிப்பு அல்ல; அவன் தாத்தாவின் உடம்பிலிருந்து பிடுங்கப்பட்டதை மீட்டுக்கொள்வது. அதே சமயம், தேர்வாகாமல் திரும்பி வருகிறபோது சட்டை சரியில்லை, நிறம் சரியில்லை என்று தன்னையே நொந்துகொள்ள வேண்டாம் என்பதையும் அவனுக்கு யாராவது சொல்ல வேண்டும். துணுக்குப் பக்கங்கள் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை. தோல்வியை அவன் அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுகின்றன.

நம் கூடாரத்தையும் விட்டுவிட முடியாது. சிறுபத்திரிகைக்காரனுக்கும் ஒரு நரை உண்டு. தாடி, ஜிப்பா, ஜோல்னாப் பை, முகத்தில் ஒரு தூக்கமின்மை. இருபத்தாறு வயதில் இவற்றைத் தரித்துக்கொண்டு மௌனியைப் பற்றிக் கருத்துச் சொன்னவர்களை நாம் அறிவோம். சிலர் நல்ல கருத்தும் சொன்னார்கள். அந்தக் கோலம் இல்லாமல், டி சர்ட்டும் செருப்புமாகக் கூட்டத்தின் கடைசி வரிசையில் வந்து உட்காருகிற பையனும் பெண்ணும் கையைத் தூக்கினால் நாம் என்ன செய்கிறோம்? “தம்பி, பெரியவங்க பேசி முடிக்கட்டும்” என்கிறோம். பெண்ணிடம் அதையும் சொல்வதில்லை, கை தூக்கியதைப் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறோம். கருத்தரங்குகளில் கட்டுடைத்தல் பற்றி மூன்று மணி நேரம் பேசிய பிறகும், தேநீர் இடைவேளையில் டம்ளர் எடுத்து வருகிறவன் பையனாகத்தான் இருக்கிறான்.

கரிகாலன் கதையில் நரை தரித்தவனைப் பற்றியே எல்லோரும் பேசியிருக்கிறார்கள். எனக்கு அந்த முதியவர்கள்மேல்தான் இப்போது கவனம் போகிறது. இளையவன் பேச்சைக் கேட்கத் தெரியாத அவர்களுடைய காதுக்காகத்தான் அவன் வேடம் போட வேண்டியிருந்தது. இரண்டாயிரம் வருஷமாக நாம் திருத்தப் பார்ப்பது பேசுகிறவனின் உடையை. கேட்கிறவர்களின் காதைப் பற்றி ஒரு துணுக்குகூட இன்னும் எழுதப்படவில்லை.